கருவி சொன்னதும் நாம் சொல்வதும்

வானத்தில் வால்வெள்ளி தோன்றிய காலங்களிலெல்லாம் மண்ணில் அச்சமும் உடன் தோன்றிற்று. நம் முன்னோர் அதனைப் புகைக்கொடி என்றும் தூமகேது என்றும் அழைத்து, அரசர்க்குக் கேடும் நாட்டுக்குப் பஞ்சமும் விளையும் என அஞ்சினர். மேனாட்டாரும் இவ்வச்சத்தில் நமக்குக் குறைந்தவரல்லர். அறியாமையாற் பிறந்த அச்சம் அறிவு வளர வளர அகலும் என்று எண்ணுதல் இயல்பே. எனினும், 1910ஆம் ஆண்டில் நிகழ்ந்தது வேறு. அவ்வாண்டில் ஹாலியின் வால்வெள்ளியினது ஒளியை நிறமாலை காட்டியாற் பகுத்துப் பார்த்த வானநூலார், அதிற் சயனோஜன் என்னும் நச்சுவாயு உளதெனக் கண்டனர். மே மாதத்தில் பூமி அதன் வாலினூடே செல்லக்கூடும் என்பதும் கணக்கிடப்பட்டது. இவ்விரு செய்திகளும் நாளிதழ்களில் ஒருங்கே வெளிவரவே, மேனாட்டு நகரங்களில் மக்கள் பலர் கதவிடுக்குகளையும் சாவித் துளைகளையும் அடைத்துக்கொண்டனர். வால்வெள்ளி நஞ்சுக்கு மாற்று என்று மாத்திரைகள் விற்கப்பட்டன, வாங்கினோரும் பலர். குறித்த நாள் வந்தது, சென்றது. ஒருவர்க்கும் யாதொரு தீங்கும் நேரவில்லை.

இதிற் பிழை செய்தது யார்? நிறமாலை காட்டி பொய் சொல்லவில்லை. சயனோஜன் உளது என்று அது சொன்னது. அவ்வாயு உண்மையாகவே இருந்தது. ஆனால், எத்துணை அளவினது என்றோ, அது மூச்சிற் புகுந்து உயிரைக் கொல்லும் என்றோ அக்கருவி ஒருபொழுதும் சொல்லவில்லை. வால்வெள்ளியின் வால், நாம் வெற்றிடம் என்று ஆய்வுக்கூடத்தில் அமைத்துக்கொள்வதினும் மெல்லியது. கருவி சொன்னது ஒன்று. மாந்தர் அதன் வாயில் ஏற்றிச் சொன்னது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் காத்தலே விஞ்ஞானத்தின் உயிர்நிலை என்பதும், அதனை நம் மாணவர்க்குக் கற்பிக்க வால்வெள்ளித் துகளை ஆராய்ந்த கருவிகளின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த பாடம் அரிது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

வால்வெள்ளியின் துகளை இத்துணை முயன்று ஆராய்வது எதற்கு என்று முதலில் வினவலாம். சூரியனும் கோள்களும் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசியும் கலந்த ஒரு பெருமேகத்தினின்று உருவாயின என்பர். பூமியிற் சேர்ந்த தூசி, உருகியும் குழம்பியும் மழையில் நனைந்தும் தன் பழைய உருவை முற்றும் இழந்தது. வால்வெள்ளியிற் சேர்ந்த தூசியோ சூரியனுக்கு மிகத் தொலைவில் பனிக்கட்டியோடு உறைந்து கிடந்தது. வால்வெள்ளியின் நடு உடல் பனியும் புழுதியும் கலந்த ஓர் உருண்டை என்று அமெரிக்க வானநூற் பேரறிஞர் பிரெட் விப்பிள் 1950ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்வுருண்டை சூரியனை அணுகுங்கால் பனி ஆவியாகிப் பறக்க, அதனிற் பொதிந்த புழுதியும் உடன் பறக்கிறது. நம் உலகம் எப்பொருளால் ஆக்கப்பட்டதோ அப்பொருளின் பழைய ஓலைச்சுவடி அப்புழுதியே எனலாம்.

அச்சுவடியை முதன்முதல் அருகிற் சென்று படிக்க முயன்றது 1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலாகும். ஹாலியின் வால்வெள்ளி மீண்டும் வந்தபொழுது, சோவியத்து நாட்டின் வேகா என்னும் இரு கலங்களும், ஐரோப்பிய நாடுகளின் ஜியோட்டோ என்னும் கலமும் அதனை எதிர்கொண்டன. ஜியோட்டோ 596 கிலோமீட்டர் அளவுக்கு அதனை நெருங்கியது. கலமும் வால்வெள்ளியும் எதிரெதிரே விரைந்தமையால், அவற்றிடை வேகம் விநாடிக்கு 68 கிலோமீட்டராயிற்று. அவ்வேகத்தில் ஒரு சிறு தூசியும் துப்பாக்கிக் குண்டினும் கொடிதாகும். மிக நெருங்குதற்குச் சில விநாடிகளே எஞ்சியிருக்கையில் ஒரு துகள் தாக்கிக் கலம் தள்ளாடிற்று, பூமியோடு அதன் தொடர்பு அறுந்து அறுந்து வந்தது, படக்கருவியும் கெட்டது.

அக்கொடிய வேகத்தையே கருவி செய்தோர் தமக்குப் பயனாக்கிக்கொண்டமை வியக்கத்தக்கது. துகள் ஓர் உலோகத் தகட்டின்மேல் மோதுங்கால், கண்ணிமைப்பினும் குறுகிய நேரத்தில் ஆவியாகி, அதன் அணுக்கள் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகச் சிதறும். அவ்வயனிகளை மின்னழுத்தத்தால் ஒரே வகையில் உந்தி ஒரு குழாயினூடே ஓடவிட்டால், எடை குறைந்தவை முன்னும் எடை மிகுந்தவை பின்னுமாக எல்லையைச் சென்று சேரும். எந்நேரத்தில் எது வந்தது என்று குறித்துக்கொண்டால், அஃது இன்ன மூலப்பொருள் என்று அறியலாம். ஜெர்மானிய ஆராய்ச்சியாளராகிய யோகன் கிஸல் என்பாரின் தலைமையில் இம்முறைக் கருவிகள் மூன்று கலங்களிலும் அமைக்கப்பட்டன. பாறைக்குரிய மக்னீசியம், சிலிகன், இரும்பு ஆகியவற்றோடு, கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், நைட்ரஜன் என்னும் நான்கும் மிகுந்த துகள்களும் அங்கு உள எனத் தெரியவந்தது. இந்நான்கும் நம் உடலின் பெரும்பகுதியாய் உள்ளவை என்பதை நாம் அறிவோம். ஆனால், மோதலில் மூலக்கூறுகள் பொடிப்பொடியானமையால், இந்நான்கும் எவ்வாறு கூடிக் கிடந்தன என்பதை அக்கருவிகளால் தெளிவுறச் சொல்லல் ஆகாதாயிற்று. வீட்டை இடித்தபின் செங்கற்களை எண்ணலாம். அறை எத்தனை என்று எண்ணுதல் எங்ஙனம்?

இரண்டாவது முயற்சி அமெரிக்கருடையது. 1999ஆம் ஆண்டிற் புறப்பட்ட ஸ்டார்டஸ்ட் என்னும் கலம், 2004ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் வில்டு-2 என்னும் வால்வெள்ளியருகே விநாடிக்கு 6.1 கிலோமீட்டர் வேகத்திற் சென்றது. ஏரோஜெல் என்னும், புகை உறைந்தாற்போன்ற மிக மெல்லிய பொருளில் துகள்களைப் பிடித்து, 2006ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அவற்றைப் பூமியிற் கொண்டுவந்து சேர்த்தது. ஆராய்ந்தோர் பெருவியப்படைந்தனர், குளிர்ந்த எல்லையிற் பிறந்த வால்வெள்ளியில், சூரியனுக்கு அண்மையிற் கடுவெப்பத்தில் மட்டுமே உருவாகக்கூடிய கனிமங்களும் இருந்தன. ஆதியில் உள்ளிருந்த பொருள் வெளியெல்லைவரை சென்று கலந்தது என்பது இதனாற் பெறப்பட்டது.

அக்கலம் கொணர்ந்தவற்றுள் கிளைசின் என்னும் அமினோ அமிலமும் காணப்பட்டது. புரதத்தின் உறுப்பாகிய இதனைக் கண்டவர் உடனே முரசறைந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கிளைசின் நம் கைரேகையிலும் உண்டு. கலத்தை ஆக்கியோர் கையுறையிலும் பையிலும் இருந்த நைலானின் மாசும் அம்மாதிரியிற் கலந்திருந்தது. ஆதலின், அதிலுள்ள கார்பனின் கனத்த வகையும் இலேசான வகையும் எவ்விகிதத்தில் உள என்று அளந்து, பூமியிற் பிறந்த கிளைசினுக்கு அவ்விகிதம் பொருந்தாது என்று கண்டபின்னரே 2009ஆம் ஆண்டில் செய்தியை உறுதிப்படுத்தினர். துகள் வந்து மூன்றாண்டு கழிந்தது. அம்மூன்றாண்டும் வீணாயின என்று சொல்வோர் விஞ்ஞானத்தின் இயல்பறியாதவர்.

மூன்றாவது முயற்சியே இவற்றுட் பெரியது. ஐரோப்பியரின் ரொஸெட்டா என்னும் கலம் 2004ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் தென்னமெரிக்காவிலுள்ள கூரூவினின்று புறப்பட்டது. 1969ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட சுரியூமொவ்–கெராசிமென்கோ என்னும் வால்வெள்ளியைக் கடந்து செல்லாமல், அதனோடு கூடவே சுற்றிவருவது அதன் நோக்கம். அதற்கு வேண்டிய விரைவைப் பெறுதற்கு மும்முறை பூமியையும் ஒருமுறை செவ்வாயையும் அணுகிச் சென்று, ஆற்றலைச் சிக்கனம் செய்யும்பொருட்டு 31 மாதம் உறங்கி, 2014ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் விழித்து, ஆகஸ்டு 6ஆம் நாள் வால்வெள்ளியை அடைந்தது. அன்று அது பூமிக்கு ஏறத்தாழ 40 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அனுப்பிய செய்தி வந்துசேர 22 நிமிடத்துக்கு மேலாயிற்று. வால்வெள்ளி சூரியனை மிக அணுகிய 2015ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் அதனருகே இருந்து, 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அதன்மேலேயே மெல்ல இறங்கித் தன் பணியை முடித்தது.

உடன் சென்றமையாற் பெற்ற பேறு யாது? விநாடிக்குப் பல ஆயிரம் மீட்டராக மோதிய துகள், இங்கே விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில், நடந்து வருவார் போல வந்து படிந்தது. கலத்திலிருந்த கொசிமா என்னும் கருவியில் ஒரு சென்டிமீட்டர் சதுரமான 72 உலோகத் தகடுகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் சில தகடுகளை வெளியே நீட்டி, துகள் படிந்தபின் உள்ளிழுத்து, நுண்ணோக்கியாற் படமெடுத்து, புதிய துகளைக் கண்டால் இண்டியம் என்னும் உலோகத்தின் அயனிகளை அதன்மேற் பாய்ச்சுவர். துகளின் மேற்புறத்தினின்று தெறிக்கும் அயனிகளை முன்சொன்ன ஓட்டமுறையில் எடைவாரியாகப் பிரிப்பர். வீட்டை இடிக்காமல் சுவரைச் சுரண்டிப் பார்ப்பது போன்றது இம்முறை. இக்கருவிக்குத் தொடக்கத்தில் தலைமை பூண்டவரும் முற்கூறிய கிஸலே ஆவர். மிடாஸ் என்னும் மற்றொரு கருவி நுண்ணிய ஊசிமுனையால் துகளைத் தடவித் தடவி அதன் மேடுபள்ளங்களை வரைந்தது. கியாடா என்பது துகளின் வேகத்தையும் மோதும் விசையையும் அளந்தது.

கொசிமாவின் தகடுகளில் 35,000க்கு மேற்பட்ட துகள்களும் துணுக்குகளும் படிந்தன. பல துகள்கள், தகட்டைத் தொட்ட அளவிலேயே உதிர்ந்து பரவுமாறு அத்துணைப் பஞ்சுத்தன்மை உடையனவாயிருந்தன. அவற்றுள் ஒரு சிறு பகுதியே அயனியால் ஆராயப்பட்டது. ஆராய்ந்தோர் துகள்களுக்கு மக்கட்பெயர் இட்டு வழங்கினர். கென்னத், ஜூலியட் என்னும் இரு துகள்களிற் கார்பன் மிகப் பெரிய மூலக்கூறுகளாகப் பின்னிக் கிடப்பதை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மறுவாண்டு, சில பத்துத் துகள்களின் அளவுகளைத் தொகுத்து, துகளின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் சேர்மங்களும் 55 விழுக்காடு கனிமங்களும் என்று கணக்கிட்டனர். சிலிகன் அணு ஒன்றுக்குக் கார்பன் அணு 5.5 என்று கண்டு, அவ்வெண் மேலும் கீழும் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு பிறழக்கூடும் என்ற எல்லையையும் உடன் எழுதினர்.

ஈண்டு நான் மாணவரை நிறுத்திக் காட்ட விரும்புவது இம்முடிவுகளை அன்று. இவற்றை அடைந்த நெறியையே. கொசிமாவின் தகடுகளிற் சிலிகோன் என்னும் பிசுக்கு, கலத்தினின்றே வந்து படிந்திருந்தது. அதனை ஆராய்ச்சியாளர் மறைக்கவில்லை. துகளின்மேல் ஒருமுறையும், துகள் இல்லாத வெறுந்தகட்டின்மேல் ஒருமுறையும் அளந்து, முன்னதினின்று பின்னதைக் கழித்து, எஞ்சியதையே துகளினுடையது என்றனர். அக்கருவியின் இரட்டைப்பிறவி போன்ற மற்றொரு கருவியை ஜெர்மனியிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக்கொண்டு, முன்னரே இன்னதென்று அறிந்த கனிமங்களையும் விண்கற்களையும் அதில் இட்டு அளந்து, விண்ணினின்று வந்த அளவுகளோடு ஒப்பிட்டனர். விண்கற்களில் எதிலும் கரையாத ஒருவகைக் கார்பன் பொருள் உண்டு. வால்வெள்ளித் துகளிலுள்ளது அதனை ஒத்தது என்றும், எனினும் ஹைட்ரஜன் அதனினும் மிகுதி என்றும் கூறினர். அப்பெருமூலக்கூறுகளுக்குத் தனித்தனிப் பெயரிட இயலாது என்பதையும் கூறினர். அறிந்ததை இவ்வளவு என்று வரையிட்டுச் சொன்னமையாலேயே அச்சொல் நம்பத்தக்கதாயிற்று.

இனி, எதிர்ப்போர் கூறுவனவற்றை நோக்குவோம். துகளைப் பூமிக்குக் கொணர்ந்து பெரிய கருவிகளால் ஆராய்வதன்றோ சிறந்தது. சிறு பெட்டிக்குள் அடங்கும் கருவியை விண்ணில் அனுப்புவானேன் என்பர் ஒரு சாரார். கொணர்ந்து ஆராய்தலின் மேன்மையை மறுப்பாரில்லை. கிளைசினின் பிறப்பிடம் தெளிந்தது அதனாலேயே. ஆயினும், ஏரோஜெல்லில் விரைந்து புகுந்த துகள் சூடேறி உருத் திரிந்தது. மெல்லிய கார்பன் சேர்மங்கள் சிதைந்தன. ரொஸெட்டாவில் துகள் மெல்லப் படிந்தமையாலேயே அதன் பஞ்சுருவம் கண்ணுக்குத் தெரிந்தது. சான்று கூறுவோர் இருவர் வெவ்வேறிடத்தினின்று கண்டவராயிருப்பின் வழக்குத் தெளிவுறும். ஆதலின் இரண்டு முறையும் வேண்டும் என்பதே என் கருத்து.

பசித்திருப்போர் பலர் இருக்க, புழுதியை அளக்க ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவிடுவது முறையோ என்பர் வேறொரு சாரார். இவ்வினாவை எள்ளி நகையாடுதல் தகாது. இச்செலவினின்று பல பொருள்கள் பின்னர்ப் பயன் தரும் என்று கூறி நழுவுவாருடன் நான் சேரேன். பல நாடுகள் கூடி, இருபதாண்டளவில், அறிவு ஒன்றையே கருதிச் செய்த செலவு அது. அச்செலவுக்கு ஈடாக மக்கள் பெறுவது உண்மை ஒன்றே. அவ்வுண்மையில் கலப்படம் செய்தால், அரிசியிற் கல்லைக் கலந்து விற்பவனுக்கும் ஆராய்ச்சியாளனுக்கும் வேற்றுமையில்லை. ஆதலின் வெறுந்தகட்டையும் அளந்து கழித்த அந்நேர்மையே, செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் கணக்கொப்பித்தலாகும்.

இன்னுமொரு செய்தி நம்போன்ற கல்லூரிகளுக்கு உரியது. மனிதன் மண்ணினின்று உருவாக்கப்பட்டான் என வேதாகமத்தில் ஓதுவோருட் சிலர், வால்வெள்ளித் துகளிற் கார்பன் உண்டு என்று கேட்டவுடன், வேதத்தை விஞ்ஞானம் மெய்ப்பித்தது என மகிழ்வர். அதே செய்தியைக் கேட்ட வேறு சிலர், உயிர் வானினின்று விழுந்தது, படைத்தவன் வேண்டா என ஆர்ப்பர். கொசிமா இவ்விரு கட்சிக்கும் சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட கருவியன்று. கார்பன் உண்டு, பெரு மூலக்கூறுகளாக உண்டு, இன்ன அளவில் உண்டு என்று அது கூறிற்று. அதற்குமேல் வாய் திறக்கவில்லை. கார்பன் சேர்மம் உயிராகாது, செங்கற்சூளை கோயிலாகாது. கடவுளைப்பற்றிய நம் நம்பிக்கை ஆழமானதாயின், அதற்கு இத்துகளின் முட்டு வேண்டா. நம் மறுப்பு ஆழமானதாயினும் அவ்வாறே. 1910ஆம் ஆண்டில் மாத்திரை விற்றோர் செய்ததும் இதுவே. கருவி சொல்லாததைக் கருவியின் பேரால் விற்றல்.

நிற்க. வானத்தை விட்டு நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். நம் நாட்டுக் கல்லூரிகளில் நெடுநாளாக வேரூன்றிய வழக்கம் ஒன்றுண்டு. ஊசலை ஆட்டிப் பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தை அளக்கும் மாணவன், 9.8 என்னும் விடையைப் புத்தகத்தில் முன்னரே படித்திருக்கிறான். தன் அளவில் 9.3 வந்தால் அவன் ஊசலை மீண்டும் ஆட்டிப் பாரான். எழுதிய நேரங்களைத் திருத்தி 9.79 ஆக்குவான். பியூரெட்டில் மும்முறையும் ஒரே அளவு வந்ததாக எழுதுவான். இரண்டாம் முறை அவன் குழாயைத் திறந்ததே இல்லை. விடையை முன்னே வைத்து அளவைப் பின்னே பொருத்தும் இவ்வித்தைக்கு நாம் மதிப்பெண்ணும் அளிக்கிறோம். குற்றம் மாணவனுடையது மட்டுமன்று. விடை புத்தகத்துக்கு எத்துணை அண்மையது என்று பார்த்து மதிப்பெண் இடும் நம்மவரின் குற்றமே பெரிது.

இதற்கு மாற்றாக யான் வேண்டுவது மிக எளியது. செய்முறைக் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் அமையட்டும்: கருவி காட்டியது ஒன்று, ஆராயும் பொருள் இல்லாதபொழுது அக்கருவி காட்டியது ஒன்று, இவற்றினின்று நாம் உய்த்துணர்வது ஒன்று. முதலிரண்டையும் உண்மையாக எழுதி, மூன்றாவதில் பிழையின் எல்லையையும் காரணத்தையும் ஆராய்ந்த மாணவனுக்கு, அவன் விடை 9.3 ஆயினும், முழு மதிப்பெண் அளிக்கப்படட்டும். 9.79 என எழுதிக் காரணம் கூற இயலாதவனுக்குக் குறைக்கப்படட்டும். தேர்வுமுறை இடந்தராது என்பர் சிலர். வகுப்பில் ஆண்டு முழுதும் நடைபெறும் செய்முறைக்கு மதிப்பிடுவோர் ஆசிரியரே ஆதலின், தொடங்குதற்கு எவருடைய ஆணையும் வேண்டுவதில்லை.

நம் மாணவருள் ஒருவர் என்றேனும் ஒரு கருவியைக் கட்டி விண்ணுக்கு அனுப்பக்கூடும். அன்றி, மருத்துவராய் இரத்தத்தை அளக்கலாம். பொறியாளராய்ப் பாலத்தின் வலியை அளக்கலாம். ஆசிரியராய் இளைஞரின் அறிவை அளக்கலாம். எங்கே இருப்பினும், தாம் விரும்பும் எண்ணுக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் இடையே நிற்க வேண்டிய நாள் அவர்க்கு வரும். அந்நாளில், 40 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வெறுந்தகடு ஒன்றைப் பொறுமையோடு அளந்தவர்களை அவர்கள் நினைவுகூர்வாராக. இளமையில் ஊசலின்முன் பயின்ற நேர்மையே அன்று அவர்க்குக் கைகொடுக்கும்.